மீனுக்கு வலிக்குமா என்று கேட்கிற படிப்பு நம் கரைக்கு எதற்கு?

தொண்டிப் பக்கத்து வாசகர் கேட்டது, 2 மார்ச் 2024

வெளிநாட்டில் விலங்கு நெறி என்று ஒரு படிப்பே இருக்கிறதாம். மீனுக்கு வலிக்குமா, நண்டுக்கு வலிக்குமா என்று கட்டுரை எழுதி டாக்டர் பட்டம் வாங்குகிறார்களாம். அடுத்த வேளைச் சோற்றுக்குக் கவலை இல்லாதவன் செய்கிற வேலை இது என்கிறேன் நான். சுற்றிச் சுற்றிக் கடைசியில் ‘மீன் பிடிக்காதே’ என்று நம்மிடம்தான் வந்து நிற்பார்கள், ‘கடலட்டையைப் பிடிக்காதே’ என்று வந்து நின்றதுபோல. வல்லத்தில் மீன் பிடிக்கப் போகிறவனுக்கு இந்தப் படிப்பால் ஒரு காசுக்குப் பிரயோசனம் உண்டா? இருந்தால் சொல்லுங்கள்.

3 மார்ச் 2024

தம்பி, பாதி சரி, பாதி தப்பு. சரியான பாதிக்குப் பிறகு வருகிறேன்.

நான் மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவே தென்கடல் கரையில் பிறந்தவன். வாப்பா கரைவலைக்காரர். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை, வயிற்றைப் புரட்டும். 1983-இல் ஒரு கல்லூரியில் விலங்கியல் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தேன், 2016-இல் ஓய்வு. வேலை என்ன என்று ஊரில் கேட்டால் ‘காலேஜில் இருக்கிறான்’ என்பார்கள். உண்மையில் என் வேலை தவளை கொல்வது.

பத்து மணி பிராக்டிகலுக்கு ஒன்பது மணிக்கே தவளைகளைக் குளோரோஃபார்ம் ஜாடியில் போட வேண்டும். இதயம் துடிப்பதைக் காட்டுகிற நாட்களில் குளோரோஃபார்ம் ஆகாது. மண்டை ஓடு முடிகிற குழியில் ஊசியை இறக்கி மேலே ஒரு சுழற்று, கீழே ஒரு சுழற்று. மூளையும் தண்டுவடமும் போய்விடும். ஊசி சரியாக இறங்கினால் கால் ஒருமுறை விறைத்துத் தொய்யும். சரியாக இறங்காவிட்டால்... அதை அப்புறம் சொல்கிறேன். வருடத்துக்கு இருநூறு என்று வைத்தாலும் 33 வருடத்தில் ஆறாயிரத்துக்கு மேல்.

இதை நிறுத்தியது எந்தச் சாமியாரும் இல்லை. நீங்கள் கிண்டல் பண்ணுகிற படிப்புதான். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சோதனைக்கூட விலங்குகளுக்கு மூன்று விதி எழுதினார்கள். வேறு வழி இருந்தால் விலங்கைத் தொடாதே. இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறை. எப்படியானாலும் நோவைக் குறை. அந்த யோசனை கட்டுரையிலிருந்து கமிட்டிக்குப் போய், கமிட்டியிலிருந்து விதிக்குப் போய், சுற்றறிக்கையாக எங்கள் துறைத் தலைவர் மேஜைக்கு வந்து சேர ஐம்பது வருடம் ஆனது. 2011-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறுவையை நிறுத்தியது. ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

4 மார்ச்

மகள் படித்துவிட்டு போனில் பிடித்துக்கொண்டாள். அவளும் எம்.எஸ்ஸி. விலங்கியல்.

2011-இல் நிறுத்தவில்லை, குறைக்கச் சொன்னார்கள். மாணவர்கள் அறுப்பதை அடியோடு விடச் சொன்னது 2014-இல். நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

ஆறாயிரமும் தப்பு. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு எங்களுக்குத் தவளை கிடைப்பதே நின்றுபோனது. தவளைக்கால் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு, அரசு 1987-இல் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. நாங்கள் மெல்ல மெல்லப் பால்சுறா, இறால், கரப்பான் என்று மாறினோம். ஆகவே தவளை இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கும். வாப்பா கொன்ற தவளையை மகள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற நாள் வரும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

7 மார்ச்

மீன் விஷயம். மகள் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னது. எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

2003-இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற பெண்மணியும் கூட இருந்தவர்களும் திரௌட் மீனை எடுத்துக்கொண்டார்கள். அது குளிர்த் தண்ணீர் மீன், நம் பக்கம் கிடையாது. முதலில் மீனின் முகத்தில் சூடு, அழுத்தம், அமிலம் ஆகியவற்றுக்குத் துடிக்கிற நரம்பு முனைகள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். இருந்தன. நம் தோலில் இருப்பதைப் போன்றவையே. அதோடு விட்டிருந்தால் ‘நரம்பு துடித்தால் வலியாகிவிடுமா’ என்று நானே கேட்டிருப்பேன். வெட்டிப்போட்ட தவளைக் காலும் மின்சாரம் பட்டால் உதைக்கத்தான் செய்யும்.

அப்புறம் மீனின் உதட்டில் தேனீ விஷமும் அமிலமும் ஏற்றினார்கள். வேறு சில மீனுக்கு வெறும் உப்பு நீர். உப்பு நீர் போட்டவை ஒன்றரை மணி நேரத்துக்குள் இரைக்கு வந்தன. விஷமும் அமிலமும் போட்டவை மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்தில் இரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. செவுள் அடிப்பு ஏறியது. அமிலம் போட்டவை தொட்டியடிச் சரளைக் கல்லில் உதட்டைத் தேய்த்தன. தரையில் இருந்தபடி இப்படியும் அப்படியும் ஆடின. மார்ஃபின் கொடுத்ததும் அந்த ஆட்டமும் தேய்ப்பும் குறைந்தன. நான் வாயடைத்துப் போனது அந்த மார்ஃபினில்தான். வலியே இல்லாத உடம்பில் வலி மருந்துக்கு என்ன வேலை?

ஒத்துக்கொள்ளாத விஞ்ஞானிகளும் உண்டு. மனிதனுக்கு இருக்கிற மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளியடுக்கு, மீனுக்கு இல்லை, அது இல்லாமல் உணர்வு ஏது என்பது அவர்கள் கட்சி. அதுவும் லேசுப்பட்ட வாதமில்லை. ஆனால் மீனுக்கு நுரையீரலும் இல்லை, மூச்சு விடாமலா இருக்கிறது?

(இந்தக் கடைசி வாக்கியம் மகளுடையது. நான் சொன்னதுபோல் எழுதிவிட்டேன்.)

8 மார்ச்

‘தூண்டிலை அறுத்துக்கொண்டு போன மீன் மறுநாளே திரும்பவும் கவ்வுகிறதே, வலித்தால் வருமா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பல்வலியோடு பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

‘கெளுத்தி முள் குத்திய கையை எந்தப் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது’ என்று இன்னொருவர். இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. கிண்டலுக்குக் கேட்டதுதான், இருந்தாலும் கிண்டலாக விட முடியாது. கடலட்டை பற்றி எழுதும்போது வருகிறேன்.

14 மார்ச்

நோன்பு மூன்றாம் நாள். பகலில் தூக்கம் வரவில்லை, பழசெல்லாம் வருகிறது.

ஆமைக்கறி இந்தப் பக்கம் வெளிப்படையாக விற்ற காலத்தை என் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். நான் சின்னப் பையன். பேராமையைக் கரைக்குக் கொண்டுவந்து மல்லாத்திப் போடுவார்கள். புரள முடியாது, ஓட முடியாது, கயிறும் வேண்டாம். ஆள் வந்து விலை படிகிற வரைக்கும் அப்படியே கிடக்கும். ஒரு நாள் கிடக்கும், இரண்டு நாளும் கிடக்கும். உயிரோடு இருப்பதுதான் விலை. துடுப்புக் கையால் காற்றை அடித்துக்கொண்டே இருக்கும், அப்புறம் அடிப்பது குறைந்துவிடும்.

என் வாப்பும்மா, வாப்பாவைப் பெற்றவர், சாயங்காலம் ஒரு குடம் கடல்தண்ணீர் எடுத்துப்போய் அதன் வயிற்றுப் பக்கம் ஊற்றுவார், கண்ணில் ஊற்றுவார், மேலே ஒரு பனையோலையைச் சாத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். ‘நாளைக்கு அறுக்கப் போறதுக்கு இன்னைக்கு என்ன குளிப்பாட்டு’ என்பார்கள். அதற்கு அவர் சொன்ன பதில்: ‘அறுக்குறது நாளைக்கித்தானே.’

ஆமைக்கறி அவரும் தின்றவர்தான். தின்னாதவர் என்று கதை கட்ட மாட்டேன்.

மல்லாந்த ஆமைக்கு அதன் உள்ளுறுப்பு எல்லாம் நுரையீரல் மேல் இறங்கி அழுத்தும் என்று வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நுரையீரல் முதுகு ஓட்டை ஒட்டி இருக்கிறது. அதாவது அந்த இரண்டு நாளும் அது மூச்சுக்குத்தான் கையடித்திருக்கிறது.

22 மார்ச்

கடலட்டை, கடலடியில் ஊர்கிற வெள்ளரிக்காய் மாதிரியான உயிர். தொண்டித் தம்பிக்குச் சரியான பாதி இது.

2001-இல் கடலட்டை இனம் மொத்தத்தையும் வனஉயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அட்டவணை. பிடித்தால் மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை. நேற்று வரைக்கும் வெள்ளை அட்டை குளித்து எடுத்து, குடல் நீக்கி, அவித்து, மணலில் புதைத்து, தேய்த்து, திரும்ப அவித்துக் காயவைத்துப் பிள்ளை வளர்த்தவன் மறுநாள் புலி வேட்டைக்காரன் ஆகிவிட்டான். என் சித்தப்பா அதில் ஒருவர். கண்ணாடி மாட்டி மூழ்குவதைத் தவிர வேறு தொழில் அவருக்குத் தெரியாது. எல்லாரும் அள்ளி அள்ளி அட்டை குறைந்துபோனது உண்மை. அதை அவரே சொல்வார். ஆனால் ‘இதை விட்டுவிட்டு என்ன செய்வாய்’ என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. செத்துப்போகிற வரைக்கும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். அட்டையைப் பட்டியலில் போட்டது விலங்கு நெறி இல்லை, இனப் பாதுகாப்பு. இரண்டையும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதுகாப்புக்காரருக்கு இனம் அழியக் கூடாது, ஒரு அட்டைக்கு என்ன ஆனது என்பது அவர் கவலை இல்லை. நெறிக்காரருக்கு அந்த ஒன்றுதான் கவலை. நெறிக்காரரின் அளவுகோலால் பார்த்தால் அட்டைக்கு மூளையே கிடையாது, வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அதிலிருந்து உடல் நீளத்துக்குச் சில நரம்பு. சீண்டினால் குடலைக் கக்கிவிட்டுப் போய்ப் புதுக் குடல் வளர்த்துக்கொள்ளும். வலி உணர்கிற பட்டியலில் அது கடைசி வரிசையில்கூட நிற்குமோ என்னவோ. சீலா மீனும் பாறை மீனும் முன்வரிசைக்காரர்கள், அவற்றுக்கு எந்த அட்டவணையும் இல்லை.

ஆக நம் கரைக்கு வந்த பெரிய அடி இந்தப் படிப்பிலிருந்து வரவில்லை தம்பி. ஆனாலும் உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். கெளுத்தி முள் குத்திய கையைக் கேட்காமல் எழுதிய எந்தச் சட்டமும் கரைக்கு வந்தால் வழக்காகத்தான் வரும்.

23 மார்ச்

நேற்று கோபத்தில் ஒரு பக்கமாக எழுதிவிட்டேன். வலையில் மாட்டிய ஆவுளியாவை அவிழ்த்து விடுகிறவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்துப் பாராட்டுகிறது. கடல்பசு என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான். 2022-இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகம் ஆக்கினார்கள். பரிசு, பாராட்டு எல்லாம் நல்ல வழிதான். அறுத்த வலைக்கு அது காணுமா என்பதை வலைக்காரர் சொல்லட்டும்.

30 மார்ச்

பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலியத் தத்துவப் பேராசிரியர் 1975-இல் எழுதியதிலிருந்துதான் இந்தப் படிப்பு பெரிதாகக் கிளம்பியது. அவர் கணக்கு இதுதான்: வலி யாருடையதாக இருந்தாலும் ஒரே தராசு. இதற்கு 1789-லேயே பெந்தம் என்ற ஆங்கிலேயர் வழிபோட்டுவிட்டார். பேசுமா, யோசிக்குமா என்று கேட்காதே, நோவுமா என்று கேள் என்றார். டாம் ரீகன் என்ற அமெரிக்கர் 1983-இல் வந்து, கூட்டிக் கழிக்கிற வேலையே வேண்டாம், தனக்கென்று ஒரு வாழ்க்கை உள்ள எந்த உயிரையும் இன்னொருவர் காரியத்துக்குக் கருவியாக்காதே என்றார்.

ரீகனிடம் மீனவனுக்கு வழி இல்லை. சிங்கரிடம் பேரம் பேசலாம். ஆனால் அவர் தராசில் நெத்திலிக் குழம்பு வைத்தால் நாம் தொலைந்தோம். ஒரு சட்டியில் முந்நூறு உயிர்! ஒரு திருக்கை தெருவுக்கே ஆகும். இனி வீட்டில் திருக்கைப் புட்டுதான் அறம் என்றேன். ‘அறத்தை நீங்களே உதிர்த்து ஆக்கிக்கொள்ளுங்கள்’ என்றுவிட்டாள் வீட்டுக்காரி.

24 ஏப்ரல்

ரொம்ப நாளாக எழுதவில்லை. பெருநாள், அப்புறம் தேர்தல். எங்கள் தொகுதியில் ஒரே பெயரில் பல பேர் நின்ற தேர்தல், ஓட்டு மெஷினைப் பார்த்தே தலை சுற்றியது.

19-ஆம் தேதி நாங்கள் விரலில் மை வைத்துக்கொண்டிருந்த அன்றைக்கே நியூயார்க்கில் ஒரு அறிக்கை வந்திருக்கிறது. விஞ்ஞானிகளும் தத்துவப் பேராசிரியர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது. பாலூட்டிக்கும் பறவைக்கும் உணர்வு உண்டு என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஊர்வன, தவளை இனம், மீன் உள்பட முதுகெலும்புள்ள எல்லாவற்றுக்கும், கணவாய், நண்டு, இறால், பூச்சி போன்ற முதுகெலும்பில்லாத பலவற்றுக்கும் அது இருக்க உண்மையான வாய்ப்பாவது இருக்கிறது. வாய்ப்பு இருக்கும்போது அதைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்வது பொறுப்பில்லாத வேலை. இவ்வளவுதான் அறிக்கை. ‘உண்டு’ என்று அடித்துப் பேசவில்லை. ‘இருக்கலாம், ஆகவே பார்த்து’ என்கிறார்கள். எனக்கு அந்த அளவான பேச்சு பிடித்திருந்தது.

மகள் வாசித்துக்கொண்டே வந்தாள். தவளை இனம் வந்ததும் நிறுத்தினாள். பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் சொல்கிறேன் என்று விட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஊசி சரியாக இறங்காவிட்டால் தவளை செத்தமாதிரி கிடக்கும், தட்டில் நாலு கையையும் குண்டூசி வைத்துக் குத்தி வயிற்றைத் திறந்த பிறகு விழிக்கும். ஒரு நாளைக்கு நாற்பதில் ஒன்று இரண்டு அப்படி ஆகும். மாணவிகள் கையை எடுத்துக்கொண்டு, ‘அண்ணே, இது செத்துருச்சா?’ என்பார்கள். ‘செத்துருச்சும்மா, அது நரம்புத் துடிப்பு’ என்பேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. சில நாள் அது உண்மை. சில நாள் எனக்கே தெரியும், இல்லை என்று. பிராக்டிகல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று டீச்சர்.

2 மே

தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. மருமகன் வலை பொத்திக்கொண்டு கரையில் இருக்கிறான். மச்சான் மட்டும் நாட்டுப்படகில் போகிறார். ‘தடைக்காலமே மீனுக்குக் காட்டுகிற இரக்கம்தானே’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை, குஞ்சு பொரித்தால்தானே அடுத்த வருடம் பிடிக்கலாம்.

மச்சானிடம் கேட்டேன், பிடித்த மீன் சாக எவ்வளவு நேரமாகும்? ‘யார் பார்த்தா? பெட்டியில போட்டு ஐஸ் அள்ளிப் போட்டா அது பாட்டுக்கு அடங்கும்’ என்றார். நானும் அதுதான் நல்லது என்று நினைத்திருந்தேன். வெயிலில் துடிப்பதற்குக் குளிரில் மரத்துப் போகட்டுமே.

மகள் தேடிக் கொடுத்தது வேறுமாதிரி. 1991-இல் பிரிட்டனில் திரௌட் மீனைத் தண்ணீரைவிட்டு எடுத்து மூளை எப்போது அணைகிறது என்று அளந்திருக்கிறார்கள். 20 டிகிரியில் மூன்று நிமிடத்துக்குள். 2 டிகிரியில் ஒன்பது நிமிடத்துக்கு மேல். குளிரில் உடம்பு மெதுவாக ஓடுகிறது, சாவும் மெதுவாக வருகிறது. அசையாமல் கிடக்கிறது என்பதால் செத்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். எனக்கு இது தெரிந்த பாடம்தான், ஜாடிக்குள் படித்தது.

5 மே

மறுபடி திருத்தம். திரௌட் குளிர்நாட்டு மீன். ஐஸ் அதற்கு அதிர்ச்சி இல்லை, வெறும் மந்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்கிற சின்ன மீனுக்குக் கதை வேறு. நம் நாட்டு ஓடைகளில் இருக்கிற வரிக்குதிரை மீன் என்கிற குட்டி மீன் ஒன்றை உலகம் முழுக்க ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். அதை ஐஸ் தண்ணீரில் போட்டுச் சட்டென்று முடிப்பதை அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமே ஏற்கிறது. ஆகவே சூடை, நெத்திலிக்கு ஐஸ் தண்ணீர் நல்ல வழியாகவே இருக்கலாம். ஐஸ் கட்டியை மேலே தூவுவது வேறு, ஐஸும் தண்ணீருமாகக் கலந்து அதற்குள் முக்குவது வேறு. ஐந்து கிலோ பாறை ஐஸில் எத்தனை நிமிடம் கிடக்கும் என்பது இதில் எதிலிருந்தும் கிடைக்காது.

11 மே

நண்டு. என் ராத்தா, அதாவது அக்கா, முப்பது வருடமாகக் கரையில் நண்டு வலை கழிக்கிறவர். வலை வந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சிக்கெடுப்பார்கள்.

பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட் என்பவர் 2009-இல் ஒரு சோதனை செய்தார். சங்குக்குள் குடியிருக்கும் நண்டுக்குச் சங்கின் உள்ளே லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார். சில நண்டு வீட்டைவிட்டு வெளியே வந்தன. மட்டமான சங்கில் இருந்தவற்றில் கூடுதலாக வந்தன, பிடித்தமான சங்கில் இருந்தவற்றில் குறைவாகவே வந்தன, மற்றவை பொறுத்துக்கொண்டன. வெறும் துடிப்பு என்றால் எல்லாம் ஒரேமாதிரி குதித்திருக்கும். இங்கே நண்டு நோவையும் வீட்டையும் தராசில் வைத்துப் பார்க்கிறது. வாடகை வீட்டில் ஓட்டை ஒழுகினால் உடனே காலி பண்ணுகிறோம், சொந்த வீட்டில் சட்டியை வைத்துச் சமாளிக்கிறோம், அதேதான்.

இதை ராத்தாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, ‘இதுக்கு மெஷினு வேற வச்சியாக்கும்’ என்றார். அவர் அனுபவம்: அவசரமாக இழுத்தால் நண்டு காலைத் தானே கழற்றிப் போட்டுவிட்டுப் போகும். கால் போனால் விலை போச்சு. அதனால் நல்ல கைக்காரி நண்டை இழுக்க மாட்டாள், நண்டைச் சுற்றி வலையைத்தான் உருவுவாள். புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் பாடம் அது. இரக்கத்துக்கும் விலைக்கும் ஒரே முடிச்சு விழுகிற இடம் இப்படி ஒன்றிரண்டு இருக்கிறது.

பிரிட்டனில் 2022-இல் நண்டையும் இறாலையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர் என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். லண்டன் பொருளாதாரக் கல்லூரிக் குழு ஒன்று முந்நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசிக் கொடுத்த அறிக்கைதான் காரணம். இனி அங்கே நண்டை உயிரோடு அவிக்க முடியாது.

13 மே

முடியும். அந்தச் சட்டம் எதையும் தடுக்கவில்லை. அரசு கொள்கை வகுக்கும்போது இந்த உயிர்களின் நலனையும் பார்த்ததா என்று கேட்க ஒரு குழு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். உயிரோடு கொதிநீரில் போடுவதைத் தடுத்தது சுவிட்சர்லாந்து, 2018-இல். கடலே இல்லாத நாடு. நம் தம்பி ஏதாவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

26 மே

‘வள்ளுவரைவிட இவர்கள் என்ன புதிதாகச் சொல்லிவிட்டார்கள்’ என்று கேட்டவருக்கு: புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் அவர் துறவறவியலில் வைத்திருக்கிறார். ஏன் அங்கே வைத்தார் என்பதைத் தமிழாசிரியர்கள் பேசட்டும். நான் இல்லறத்தான், வாரம் ஐந்து நாள் மீன்.

‘நீங்கள் ஜல்லிக்கட்டுக்கு எதிரியா’ என்று கேட்டவருக்கு: எங்கள் ஊரில் மாடு பிடிக்க மாட்டோம், மாடு எங்களைப் பிடிக்கும்.

8 ஜூன்

தம்பி கேட்ட காசுக்கு வருகிறேன்.

ஊளியும் மாவுலாவும் ஏறினால் மச்சான் கட்டையால் தலையில் ஒரே போடு போடுவார். பல் ஆகாது, காலைக் கிழித்துவிடும். இரக்கத்துக்காக அடித்ததில்லை. ஆனால் படகில் ஏறுகிற மீன்களில் சட்டென்று சாகிறது அது ஒன்றுதான். ஜப்பானில் இதையே ருசிக்காகச் செய்கிறார்கள். இகெஜிமே என்று பெயர். கூர்முனையால் மூளையைக் குத்தி, ரத்தத்தை வடித்து, தண்டுவடத்தில் கம்பி ஓட்டுவார்கள். துடித்துச் சாகிற மீன் தசையில் இருக்கிற சக்தியை எல்லாம் எரித்துவிடுகிறது, அமிலம் ஏறுகிறது, சீக்கிரம் விறைத்து சீக்கிரம் கெடுகிறது. துடிக்காத மீன் கூடுதல் நேரம் தாங்கும், விலையும் கூட. கம்பி ஓட்டும் படத்தை மகள் காட்டினாள். எனக்குக் கை நடுங்கியது. அதே ஊசி, அதே சுழற்று.

சூடை வலைக்கு இது ஆகாது, ஆயிரத்தை யார் குத்துவது? பெரிய மீனுக்கு ஆகும். நம் வியாபாரி கூடுதலாக ஒரு ரூபாய் கொடுப்பாரா என்று மச்சான் கேட்டார். இப்போதைக்கு மாட்டார். எனவே உங்கள் ஒரு காசுக் கேள்விக்கு என் பதில்: நாளைக்கு இருக்கலாம், இன்றைக்கு இல்லை.

1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை இதற்கிடையில் பார்த்துவிட்டேன். பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி மாநிலங்களவையில் கிளப்பிய பேச்சிலிருந்து வந்தது. அதில் விலங்கு என்றால் மனிதனைத் தவிர எந்த உயிரும்தான், மீனும் சேர்த்தி. உணவுக்குக் கொல்வது குற்றம் இல்லை, தேவையற்ற வலி கொடுக்காத வரை. ‘தேவையற்ற’ என்கிற ஒரு சொல்லுக்குள் நம் கரை முழுக்க நிற்கிறது. பெட்டியில் கிடக்கிற பாறைக்கு எத்தனை நிமிடம் தேவை, எத்தனை நிமிடம் தேவையற்றது? சட்டத்தில் இல்லை. மச்சானிடமும் இல்லை.

18 ஜூன்

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். மருமகன் தடை முடிந்து 15-ஆம் தேதி போய்த் திரும்பி, அரைத் தூக்கத்தில் ஆடு பிடித்துக்கொண்டிருந்தான். ஆட்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்து கத்தி தீட்டத் தொடங்கினான். எனக்கு வாய் தானாக வந்தது: ‘கொல்லைக்குப் போய்த் தீட்டு.’ வாப்பா சொல்வார், அவருக்கு அவர் வாப்பா: கத்தி மழுங்கியிருக்கக் கூடாது, ஆட்டின் கண்முன் தீட்டக் கூடாது, ஒரு ஆட்டைப் பார்க்க வைத்து இன்னொன்றை அறுக்கக் கூடாது. ஆடு அறுத்துத் தின்கிறவர்கள் ஆட்டின் பயத்துக்கு வைத்த விதி. மீனுக்கு மார்க்கத்தில் அறுப்பே கிடையாது, பிடித்தாலே ஹலால். அதனால் மீனுக்கு இப்படி எதுவும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தொண்டித் தம்பி இரவு தனியாக எழுதியிருந்தார். அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். 16-ஆம் தேதி வல்லத்தில் போனபோது ஒரு பாறையை எடுத்துப் போட்டு, போனில் நேரம் பார்த்தாராம். செவுள் அடங்க 14 நிமிடம். ‘ரெண்டாவது மீனுக்குப் பார்க்கல’ என்று முடித்திருக்கிறார்.

தம்பி, எத்தனை கிலோ? வெயிலிலா, நிழலிலா? ஐஸ் போட்டீர்களா, போட்டால் தண்ணீர் கலந்தா? செவுள் அடங்குவதும் மூளை அணைவதும் ஒன்றில்லை, அதையும் மகளிடம் கேட்டுச் சொல்கிறேன். இரண்டாவது மீனை ஏன் பார்க்கவில்லை என்று மட்டும் நான் கேட்க மாட்டேன்.